மட் ஃபிளாப் போனது, ஓட்டை மிஞ்சியது

கேள்வி: பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் நான்கு சக்கரத்துக்கும் பின்னால் சேறு தெறிக்காமல் தடுக்கும் மட் ஃபிளாப் மாட்டியிருந்தார், எனக்குப் பிடிக்காததால் கழற்றிவிட்டேன். இப்போது ஒவ்வொரு ஃபெண்டர் ஓரத்திலும் ஸ்க்ரூ ஓட்டைகள் தெரிகின்றன, சிலவற்றைச் சுற்றிப் பழுப்பேறியும் இருக்கிறது. சிலிகான் வைத்து அடைத்துவிடலாமா? இல்லை, பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். கண்ணில் படுவது ஓட்டை, ஆனால் வண்டியைத் தின்பது அந்த ஓட்டையின் விளிம்பு. கம்பெனியில் தகட்டுக்குப் பூச்சு ஏறிய பிறகு யாரோ டிரில் போட்டிருக்கிறார்கள், அதனால் வெட்டுப்பட்ட இடத்தில் இரும்பு வெறுமையாக நிற்கிறது. சக்கரம் வாரி இறைக்கும் சேறும் தண்ணீரும் முதலில் படுவதும் அங்கேதான். அதை அப்படியே வைத்து மூடினால் துரு உள்ளே நிம்மதியாக வளரும், பெயின்ட் கொப்பளித்து எழும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

சிலிகானில் பல வகை உண்டு. பிதுக்கும்போது வினிகர் வாடை வந்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிற வகை, வெறும் இரும்பில் அதுவே துருவைக் கிளப்பிவிடும். போதாக்குறைக்கு, சிலிகான் பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது. பட்டியோ ஈரத்தை உறிஞ்சும். பின்னால் தகடு இல்லாத ஓட்டையில் அதற்குப் பிடிப்பும் கிடையாது, வண்டி அதிர அதிர விரிசல் விட்டு ஒருநாள் உதிர்ந்துவிடும்.

முதலில் ஓட்டையின் பின்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஸ்க்ரூ பிடிப்பதற்காகச் செருகிய யு வடிவ கிளிப் ஃபெண்டர் மடிப்பில் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கலாம். அதற்கு அடியில் சேறு தங்கும் என்பதால் கட்டாயம் எடுத்துவிடுங்கள். பிறகு நன்றாகக் கழுவிக் காயவிட்டு, விளிம்பில் இருக்கும் பிசிறை உருட்டு அரத்தால் ராவி, பழுப்பு போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். குழிக்குள் ஒட்டியிருக்கும் துரு வரவில்லையென்றால் அந்த இடத்துக்கு மட்டும் ரஸ்ட் கன்வெர்ட்டர், அதாவது மிச்சத் துருவைக் கெட்டியான பூச்சாக மாற்றும் திரவம். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குக் காயவிடுங்கள், அவசரம் வேண்டாம். அதன்மேல் ஈரம் புகாத அடிப்பூச்சான எபாக்ஸி ப்ரைமர், அப்புறம் வண்டியின் நிறத்தில் டச்-அப் பெயின்ட். தூரிகையை ஓட்டைக்குள் விட்டு விளிம்பையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பூச வேண்டும், பலர் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் மூடி. கார் உதிரிபாகக் கடைகளில் பிளாஸ்டிக் பிளக், ஓட்டையின் விளிம்பைக் கவ்வும் ரப்பர் குரோமெட் என்று கிடைக்கும். குரோமெட் வாங்கினால் நடுவில் ஓட்டை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். அரம் போட்டதில் ஓட்டை கொஞ்சம் பெரிதாகியிருக்கும், ஆகவே அளவைக் கடைசியில் எடுங்கள். வெர்னியர் இல்லையா? டிரில் பிட்டின் வழவழப்பான தண்டுப் பக்கத்தை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் எது சிக்கென்று பொருந்துகிறதோ அதுதான் அளவு. தகட்டின் கனத்தையும் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் பிளக் கடகடவென்று ஆடும். பிளக்கின் தலைக்கு அடியில் சீம் சீலர் (தகட்டு இணைப்புகளை அடைக்கும் பசை) மெல்லியதாக ஒரு சுற்று வைத்து அழுத்தினால் தண்ணீர் புகாது, வேண்டும்போது கழற்றி உள்ளே பார்க்கவும் முடியும். இதனால்தான் எனக்கு வெல்டிங்கைவிட பிளக் பிடிக்கும். வெல்டிங் வைத்தால் ஓட்டை இருந்த சுவடே தெரியாது, உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டில் பின்பக்கப் பூச்சு கருகிப்போகும், அதை மறுபடி பூசாமல் விட்டால் துரு அங்கிருந்து தொடங்கும். முழு ஃபெண்டருக்கும் பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் வெல்டிங் சரி.

இன்னொன்று, மட் ஃபிளாப்பைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களில் சில, சக்கரத்துக்கு மேல் ஃபெண்டருக்கு உள்ளே மறைப்பாக இருக்கும் பிளாஸ்டிக் லைனரையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அந்த இடங்களில் வெறும் மூடி போதாது. அதே ஸ்க்ரூவை வாஷரோடு திருப்பிப் போடுங்கள் அல்லது புஷ் கிளிப் போடுங்கள், இல்லையென்றால் லைனர் தொங்கி, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயரில் உரசும். ஃபெண்டரின் அடிப்பகுதியில் கம்பெனியே விட்டிருக்கும் வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், அவை தண்ணீர் வெளியேறும் வழி.

கேள்வி: என் வண்டி 2015-க்குப் பிறகு வந்த ஃபோர்டு எஃப்-150, அலுமினிய பாடி. துருப் பிடிக்காதுதானே, ஓட்டைகளில் சும்மா இரும்பு போல்ட் போட்டு மூடிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அலுமினியத்தில் பழுப்புத் துரு வராது, ஆனால் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து பெயின்ட் தூக்கிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டாலும் அலுமினியத்துக்கு இதே கதிதான். நீங்கள் விளிம்பைச் சுத்தம் செய்து, அலுமினியத்துக்கு ஏற்ற ப்ரைமர் பூசி, பிளாஸ்டிக் பிளக் போடுங்கள். இரும்பில் ஓடிய உப்புத்தாளையோ கம்பி பிரஷ்ஷையோ இதில் ஓட்டாதீர்கள், அதிலிருக்கும் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து அங்கேயும் அரிக்கத் தொடங்கும்.