வீட்டுப் பராமரிப்பு கேள்வி – பதில்: பொய்லர் ஏன் நின்று நின்று எரிகிறது?

இந்த இதழில் பொய்லர் கேள்விகள் மட்டும். பதில்கள் பிரித்தானிய வீடுகளில் உள்ள காஸ் பொய்லர்களுக்கானவை. ‘கொம்பி’ என்றால் தனித் தாங்கி இல்லாமல் ஹீட்டிங்கையும் குழாய் வெந்நீரையும் ஒன்றாகத் தரும் பொய்லர். பொய்லரின் மூடியைக் கழற்றுவதும் காஸ் ஓடும் பாகங்களில் கை வைப்பதும் ‘காஸ் சேஃப்’ என்ற காஸ் பொறியாளர் பட்டியலில் பதிவு உள்ளவரின் வேலை. அதற்கு வெளியே, வீட்டுக்காரர் தானே பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியது நிறைய இருக்கிறது.

எங்களிடம் இருப்பது எட்டு வருடப் பழைய கொம்பி பொய்லர். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை பிரஷர் இறங்கி நின்றுவிடுகிறது. கீழேயுள்ள வால்வைத் திறந்து தண்ணீர் விட்டால் திரும்ப எரியும். ஹீட்டிங் நன்றாகச் சூடான நேரம் பிரஷர் முள் 3 பாருக்குக் கிட்டப் போகிறது. விடிய எழும்பிப் பார்த்தால் பூச்சியத்தில் கிடக்கிறது. வீட்டில் எங்கும் ஈரம் இல்லை.
– வாசகர், ஹரோ

சூட்டில் 3, குளிரில் பூச்சியம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்று இல்லை என்பதுதான் முதல் சந்தேகம்.

ஒரு சராசரி வீட்டின் ஹீட்டிங் சுற்றில் 100 லிற்றர் தண்ணீர் இருந்தால், அது 70 பாகைக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 2 லிற்றர் பெருக்கும். அந்த 2 லிற்றருக்கு இடம் கொடுப்பதுதான் வெசலின் வேலை. உள்ளே ஒரு ரப்பர் திரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் 0.75 முதல் 1 பார் வரை அழுத்தமுள்ள காற்று. வருடங்கள் போகப் போகக் காற்று கசிந்துவிடும், அல்லது திரை கிழிந்துவிடும். பிறகு பெருகும் தண்ணீருக்கு இடமில்லை, பிரஷர் 3 பாரைத் தொடும், பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளும். இரவில் சுற்று குளிர்ந்து சுருங்கும்போது, போன தண்ணீர் அளவுக்கு முள் கீழே வரும். பொய்லர் எரிய மறுக்கும்.

வீட்டுக்குள் ஈரம் தெரியாததன் காரணம், அந்தத் தண்ணீர் வெளிச்சுவர் வழியாகப் போவது. பொய்லருக்குப் பின்னால் வெளிச்சுவரில் 15 மில்லிமீற்றர் செப்புக் குழாய் ஒன்று வளைந்து சுவரைப் பார்த்தபடி நிற்கும். அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி ஒரு நாள் விடுங்கள். பையில் தண்ணீர் சேர்ந்தால் சந்தேகம் உறுதி. அந்தக் குழாயிலிருந்து கொதிநீர் பாயக்கூடும், ஆகவே ஹீட்டிங் ஓடும்போது கையை வைக்க வேண்டாம்.

வரும் பொறியாளர் செய்ய வேண்டியது: சுற்றின் பிரஷரைப் பூச்சியத்துக்கு இறக்கி, வடிகாலைத் திறந்தபடியே வைத்து, வெசலில் உள்ள கார் ரயர் மாதிரியான வால்வில் காற்றடிப்பது. வடிகாலைத் திறக்காமல் அடித்தால் கேஜ் காட்டும் எண் பொய். வால்வின் ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் திரை கிழிந்துவிட்டது, வெசல் புதிதாக வேண்டும். சில பொய்லர்களில் வெசல் முதுகுப் பக்கம் இருக்கும். அதை எடுக்க முழுப் பொய்லரையும் சுவரிலிருந்து இறக்க வேண்டும். அப்படியானால் ரேடியேற்றர்களிலிருந்து திரும்பி வரும் குழாயில் வெளியே தனி வெசல் ஒன்றைப் பூட்டச் சொல்லுங்கள். செலவு குறையும், வேலையும் அதேதான். பலமுறை திறந்த பாதுகாப்பு வால்வின் மூடும் வாயில் துரு மண் சிக்கி, பிறகு சரியாக மூடாது. வெசலோடு சேர்த்து அதையும் மாற்றாவிட்டால் ஒரு மாதத்தில் திரும்பக் கூப்பிட வேண்டிவரும்.

பை காய்ந்தே இருந்தால் கதை வேறு. இரவு ஹீட்டிங்கை நிறுத்தி, பொய்லருக்குக் கீழே ஹீட்டிங்குக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டின் வால்வுகளையும் மூடிவிடுங்கள். விடிய முள் இறங்கியிருந்தால் ஒழுக்கு பொய்லருக்குள். முள் அப்படியே நின்று, வால்வுகளைத் திறந்தவுடன் விழுந்தால் ஒழுக்கு தரைக்கு அடியிலோ ரேடியேற்றர் வால்வுகளிலோ. திறக்க மறந்து ஹீட்டிங்கைப் போட்டுவிட வேண்டாம்.

அதுவரை தண்ணீர் விடுவதென்றால் பொய்லர் ஆறியிருக்கும்போது, 1 முதல் 1.5 பார் வரை மட்டும். விட்டு முடிந்ததும், தண்ணீர் விடும் பின்னல் குழாயின் இரண்டு வால்வுகளும் இறுக மூடியிருக்கின்றனவா பாருங்கள். மூடாத வால்வால் பிரஷர் தானாக ஏறிக்கொண்டே போய், வெசல் நோய் மாதிரியே தெரியும். மாதக்கணக்கில் தண்ணீர் விட்டே சமாளிப்பதும் நல்லதல்ல. ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீரோடு ஒட்சிசன் உள்ளே போகிறது, ரேடியேற்றர்கள் உள்ளிருந்தே துருப்பிடிக்கின்றன, துருத் தடுப்பு மருந்தும் ஐதாகிறது.

உறைபனி விழுந்த காலையில் மட்டும் பொய்லர் நிற்கிறது. உள்ளே ‘கொடகொட’ என்று சத்தம். மத்தியானத்துக்குப் பிறகு ரீசெற் அழுத்தினால் எரிகிறது. பொய்லரைத்தான் மாற்ற வேண்டுமா?
– வாசகி, ஈஸ்ற் ஹாம்

மாற்ற வேண்டாம். கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கிறது. இப்போதைய கண்டென்சிங் பொய்லர்கள் புகையிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கி வெளியே விடுபவை. அந்தத் தண்ணீர் வெள்ளை அல்லது சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாயில் சொட்டுச் சொட்டாகப் போகும். வெளிச்சுவரில் குழாய் ஒல்லியாக, போர்வை இல்லாமல் இருந்தால் உறையும். தண்ணீர் பின்னுக்கு ஏறிப் பொய்லருக்குள் தேங்கும், சுடர் அணையும். அந்தக் கொடகொட சத்தம் தேங்கிய தண்ணீருடையது.

வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாயின் மேல் ஊற்றுங்கள். கேத்தலில் கொதித்தது வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும். உறைவது பெரும்பாலும் முழங்கை வளைவுகளிலும், சாக்கடைக்கு மேலே திறந்திருக்கும் நுனியிலும். சுடுதண்ணீர்ப் பையைக் கட்டி வைத்தாலும் இளகும். ஊற்றிய தண்ணீர் நடைபாதையில் உறைந்து வழுக்கும், அதில் உப்புத் தூவுங்கள். குழாய் ஏணி வைத்துத்தான் எட்டுமென்றால் விட்டுவிடுங்கள். இளகிய பின் ரீசெற் அழுத்தினால் எரியும். குளிர் குறையும்வரை ஹீட்டிங் நீரின் வெப்பநிலையைக் கூட்டி வைத்தால் கழிவுநீர் குறைவாக வரும்.

நிரந்தரமாகச் சரியாக்க, குழாயை வீட்டுக்குள்ளேயே குசினித் தொட்டியின் கழிவுக் குழாயோடு இணைக்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் வெளியே போகும் பகுதி 32 மில்லிமீற்றராக, மழை புகாத போர்வையோடு, முடிந்தளவு கட்டையாக, மீற்றருக்கு 45 மில்லிமீற்றர் சரிவில் இருக்க வேண்டும். பல வீடுகளில் 21.5 மில்லிமீற்றர் குழாயையே வெளியே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். உறைபனியே இல்லாத நாளிலும் அந்தச் சத்தம் கேட்டால் பொய்லருக்குள் கழிவுநீர் தேங்கிப் போகும் வளைவு (ட்றாப்) அடைத்திருக்கிறது; வருடாந்தச் சேர்விஸில் அதைக் கழுவியிருக்க வேண்டும்.

ஹீட்டிங் மூன்று நிமிடம் எரிந்து நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் திரும்ப எரிகிறது. நாள் முழுக்க இப்படித்தான். திரையில் பிழைக் குறி எண் எதுவும் வருவதில்லை. வந்து பார்த்தவர் எலக்ட்ரோனிக் போர்டை மாற்ற வேண்டும் என்கிறார்.
– வாசகர், குறொய்டன்

போர்டுக்குக் காசு கொடுக்க முன்னர் அவரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: எரியும்போது வெளியே போகும் தண்ணீரின் சூடு, திரும்பி வரும் தண்ணீரின் சூடு, பொய்லர் வாயிலில் காஸ் அழுத்தம். இவற்றை அளக்காமல் போர்டு என்று சொல்பவர் ஊகத்தில்தான் பேசுகிறார்.

முதல் சாத்தியம், இது பழுதே இல்லை. குளியலுக்குப் போதுமான வெந்நீர் வேண்டும் என்று 30 கிலோவாற் கொம்பி பூட்டியிருப்பார்கள். அது எவ்வளவு அடக்கி எரிந்தாலும் பல மாதிரிகளில் 6 அல்லது 7 கிலோவாற்றுக்குக் கீழே போகாது. மிதமான குளிரில் ஒரு ரெறஸ் வீட்டுக்கு 3 கிலோவாற்றே போதுமாக இருக்கலாம். மிச்சச் சூடு போக இடமில்லாததால் தண்ணீர் சீக்கிரம் குறித்த வெப்பநிலையைத் தொட்டுவிடும், பொய்லர் அணையும். பாதி ரேடியேற்றர்களை மூடி வைத்திருந்தால் இன்னும் மோசம். ஹீட்டிங் நீரை 55 – 60 பாகைக்கு இறக்குங்கள். தெர்மோஸ்டாற் இருக்கும் அறையின் ரேடியேற்றரை முழுக்கத் திறந்து விடுங்கள். ஹீட்டிங்குக்கான உச்ச சக்தியைப் பொறியாளர் மெனுவில் 10 கிலோவாற் அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். வெந்நீருக்கான சக்தி அதனால் குறையாது. திரும்பும் நீர் 55 பாகைக்குக் கீழே வந்தால்தான் பொய்லர் ஒழுங்காகக் கண்டென்ஸ் ஆகும் என்பதால் காஸ் செலவும் குறையும். (வெந்நீர்த் தாங்கி உள்ள வீடுகளில் தாங்கியின் நீர் 60 பாகைக்குக் குறையக்கூடாது, லெஜியோனெல்லா கிருமி வளரும். உங்கள் பொய்லர் கொம்பி என்றால் அந்தக் கவலை இல்லை.)

இரண்டாவது சாத்தியம், தண்ணீர் ஓடவில்லை. திரையில் உள்ள எண்ணைப் பாருங்கள். எரிந்த ஒரு நிமிடத்துக்குள் 40-லிருந்து 80-க்குப் பாய்ந்து, ரேடியேற்றர்கள் ஆறியே கிடந்தால் பம்ப் சிக்கியிருக்கிறது, வால்வு மூடியிருக்கிறது, அல்லது துருச்சேறு அடைத்திருக்கிறது. ரேடியேற்றர் மேலே குளிர்ந்தால் காற்று. சாவியால் திறந்து வெளியேற்றிவிட்டுப் பிரஷரைப் பாருங்கள், அது இறங்கியிருக்கும். நடுக் கீழ்ப்பகுதி குளிர்ந்தால் கறுப்புச் சேறு. காந்த வடிகட்டி இருந்தால் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கறுப்புக் களி அப்பியிருந்தால் சுற்றைக் கழுவி, புதிய துருத் தடுப்பு மருந்து விட வேண்டும். பல மருந்துகளில் பத்து ரேடியேற்றர் அளவுள்ள வீட்டுக்கு ஒரு லிற்றர்ப் போத்தல் கணக்கு. கழுவாமல் புதுப் பம்ப் போட்டால் அந்தச் சேறு அதையும் தின்னும்.

குளிக்கும்போது தண்ணீர் சுட்டு, குளிர்ந்து, திரும்பச் சுடுகிறது. ஹீட்டிங்கில் குறை இல்லை.
– வாசகி, லூட்டன்

உங்கள் பக்கத்துத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கொம்பிக்குள் குழாய்நீரைச் சூடாக்கும் தகட்டு வெப்பமாற்றியில் சுண்ணாம்பு படிந்தால் இப்படி ஆகும். அதைக் கழற்றி அமிலத்தில் கழுவலாம், அல்லது மாற்றலாம். அதற்கு முன் இலவசச் சோதனை ஒன்று: பொய்லரில் வெந்நீரை 60-லிருந்து 48 – 50 பாகைக்கு இறக்குங்கள். சூடு கூடிய தண்ணீரை ஷவர் பச்சைத்தண்ணீரோடு கலக்கும்போது பொய்லர் வழியாக ஓடும் அளவு நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை லிற்றருக்குக் கீழே விழுந்து சுடர் அணையக்கூடும். ஷவர்த் தலையில் படிந்த சுண்ணாம்பும் அதையே செய்யும். 24 கிலோவாற் பொய்லர் 35 பாகை சூடேற்றி நிமிடத்துக்கு 10 லிற்றருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தரும். இரண்டு குழாய்களை ஒன்றாகத் திறந்துவிட்டு அதைக் குறை சொல்லக்கூடாது.

வாடகை வீடு. பொய்லர் ஒரு நாளில் பலமுறை நிற்கிறது. வீட்டுக்காரர் ‘ரீசெற்றை அழுத்திக்கொண்டே இருங்கள்’ என்கிறார். அழுத்தலாமா?
– வாசகர், ரூற்றிங்

இரண்டு தடவை, இடையில் சில நிமிடம் விட்டு. அதற்கு மேல் வேண்டாம். பொய்லர் தன்னைப் பூட்டிக்கொள்வது ஏதோ பிழையைக் கண்டதால்தான். அழுத்துவதற்கு முன் திரையைப் படம் எடுத்து வையுங்கள், ரீசெற் செய்ததும் குறி எண் திரையிலிருந்து போய்விடும். பொய்லர் நிறுவனத்தைப் பொறுத்து எண் மாறும்: வைலன்ற்றில் எஃப் 22, ஐடியல் லொஜிக்கில் எஃப் 1, பக்சியில் ஈ 119 என்றால் தண்ணீர் அழுத்தம் குறைவு. வைலன்ற்றில் எஃப் 28, எஃப் 29, ஐடியலில் எல் 2, பக்சியில் ஈ 133, வூஸ்டரில் ஈஏ என்றால் சுடர் பற்றவில்லை அல்லது பற்றி அணைந்துவிட்டது. சுடர்க் குறி என்றால் முதலில் காஸ் அடுப்பு எரிகிறதா பாருங்கள். முன்பணம் கட்டும் மீற்றரில் காசு முடிந்திருப்பதும் உண்டு. அடுப்பு எரிந்து, வெந்நீரை முழு வேகத்தில் திறக்கும்போது மட்டும் பொய்லர் அணைந்தால், பழைய 15 மில்லிமீற்றர் காஸ் குழாயிலேயே பெரிய கொம்பியைப் பூட்டியிருக்கலாம். மீற்றரில் 21 மில்லிபார் இருந்தாலும் பொய்லருக்குப் போய்ச் சேராது. அளந்து பார்த்து 22 மில்லிமீற்றர் குழாய் போட வேண்டிவரும்.

வீட்டுக்காரரின் கடமை தெளிவானது. இங்கிலாந்தில் ஹீட்டிங்கையும் வெந்நீரையும் வேலைசெய்யும் நிலையில் வைத்திருப்பது 1985-ஆம் ஆண்டு வீட்டுரிமையாளர் – குடியிருப்பாளர் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி அவர் பொறுப்பு. வருடத்துக்கு ஒருமுறை காஸ் சோதனை செய்து, 28 நாளுக்குள் பிரதியை உங்களுக்குத் தர வேண்டும். பொய்லர் இருக்கும் அறையில் கார்பன் மொனொக்சைட் அலாரம் 2022 ஒக்டோபர் 1 முதல் கட்டாயம். தொலைபேசியில் சொன்னதை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், திரைப் படங்களையும் திகதிகளையும் சேர்த்து. பதில் இல்லாவிட்டால் கவுன்சிலின் தனியார் வாடகை வீட்டுப் பிரிவுக்கு அந்த மின்னஞ்சலையே அனுப்பலாம். வேலைக்கு வருபவரின் காஸ் சேஃப் அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி, எதுவரை செல்லும் என்பது அங்கேதான் இருக்கும்.

அலாரம் அடித்தாலோ, பொய்லர் எரியும்போது தலையிடியும் தலைசுற்றும் வந்தாலோ, மூடியைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ ரீசெற் பற்றிய பேச்சே வேண்டாம். பொய்லரை நிறுத்தி, யன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து காஸ் அவசர எண் 0800 111 999-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். காஸ் மணத்தாலும் அதே எண்தான். அப்போது எந்தச் சுவிட்சையும் தொடாமல், மீற்றர் பக்கத்திலுள்ள கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பிவிட்டு வெளியே வந்து அழையுங்கள்.