ஆபரேஷன் முடிந்தால் ஏன் எல்லோரும் விரால் சூப் குடிக்கச் சொல்கிறார்கள்?

சிசேரியன் முடிந்து வீடு வந்ததும் சீன அக்கம்பக்கத்தாரும் மலாய்த் தோழியும் ஒரே மீனைச் சொன்னார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அது நம் விரால்தான். மலாயில் ஹாருவான், கேண்டனீஸில் சாங் யூ. சாங் என்றால் உயிருள்ளது என்றும் பொருள். பொருத்தமான பெயர்தான்: செவுளோடு காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால், ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியேயும் வெகுநேரம் தாங்கும். நம் ஊர்க் குளம் வற்றினாலும் சேற்றுக்குள் கிடக்குமே, அதே குணம்.

வெட்டுக்காயம் சீக்கிரம் ஆறும் என்பது எல்லா வீட்டிலும் நம்பிக்கை. சீனர்கள் இஞ்சி போட்டுத் தெளிவாகக் கொதிக்க வைப்பார்கள். மலாய் வீடுகளில் பிரசவித்த பெண்ணுக்குச் சூப்பாகவோ சுட்டோ கொடுப்பார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்; அமினோ அமிலங்களும் அல்புமின் புரதமும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் மருந்துக்கு மாற்று என்று நினைக்காதீர்கள். புரதம் நிறைந்த, எளிதில் செரிக்கும் சாப்பாடு, அவ்வளவுதான்.

நம் பக்கம் தாய்ப்பாலுக்குப் பால் சுறாப் புட்டு. பூண்டை அள்ளிப் போட்டு அம்மா செய்வது எனக்கு உயிர். ஆனாலும் இங்கே கொஞ்சம் தயக்கம்: சுறாவில் பாதரசம் அதிகம் சேரும், பாலூட்டும்போது தவிர்ப்பது நல்லது. விராலை மட்டும் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கேட்டுப் பாருங்கள், வெட்டியே தருவார்கள்.