ஆலைக் கழிவும் அரசுக் கழிவும்: கடலூர், புதுச்சேரி வாசகர் கேள்விகள்

கேள்வி: கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் இரசாயன ஆலைகளைத் திட்டாதவர் இல்லை, மத்திய அரசின் நெய்வேலி அனல் மின் நிலையங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. உண்மையில் எது அதிகம் மாசுபடுத்துகிறது? (கடலூர் முதுநகர் வாசகர்)

பதில்: எடையை வைத்துப் பார்த்தால் அனல் மின் நிலையம்தான், நச்சுத்தன்மையை வைத்துப் பார்த்தால் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. இரசாயன ஆலைகளின் வாயுக்கள் அளவில் சிறியவை என்றாலும் குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களுக்கு மிக அருகில், தாழ்வான உயரத்தில் வெளியேறுகின்றன. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஹைட்ரஜன் சல்பைடே அழுகிய முட்டை நாற்றமாக மூக்கைத் துளைக்கும். உயர்ந்த புகைபோக்கி வழியே போகும் கந்தக டை ஆக்சைடோ தொலைவில் நுண்துகளாக மாறி இறங்கும்போது, அதை யார் அனுப்பியது என்று எவருக்கும் தெரியாது. மூக்கில் படுவதையே நாம் குற்றம் என்கிறோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் கடலூருக்கு 77.45 என்ற மாசுக் குறியீட்டை அளித்தது. 70-ஐத் தாண்டினாலே நிலைமை மிகக் கடுமை என்று பொருள்.

அனல் மின் நிலையங்கள் எவ்வளவு கந்தக டை ஆக்சைடு வெளியிடலாம் என்ற வரம்பு 2015 டிசம்பரில் வந்தது. கெடு பலமுறை நீண்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. இந்தச் சலுகையில் மட்டும் அரசு, தனியார் என்ற பேதம் பார்க்கப்படவில்லை.

கேள்வி: சட்டம் இரு தரப்பையும் ஒரே மாதிரி தண்டிக்கிறதா? (புதுச்சேரி வாசகி)

பதில்: இல்லை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 2023-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, விதியை மீறும் நிறுவனத்துக்கு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அரசுத் துறை மீறினால், அதன் தலைவர் தமது ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தைக் கட்ட வேண்டும், தமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் அதுவும் இல்லை. நெய்வேலி நிறுவனம் பொதுத்துறையைச் சேர்ந்தது என்றாலும் சட்டத்தின் கண்ணில் அது நிறுவனமே. இச்சலுகை அதற்குப் பொருந்தாது.

உண்மையான சிக்கல் சாக்கடையில்தான் இருக்கிறது. மத்திய வாரியத்தின் 2020-21 கணக்கின்படி, நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர்தான். சுத்திகரிக்காத கழிவுநீரை ஆற்றில் விடும் ஆலைக்குப் பூட்டுப் போடலாம், நகராட்சிக்குப் போட முடியுமா? பசுமைத் தீர்ப்பாயம் உள்ளாட்சிகள்மீது விதிக்கும் இழப்பீடும் நம் வரிப்பணத்திலிருந்தே போகிறது என்பதால், பொறுப்பான அதிகாரியைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கும் உத்தரவுகளே பயன் தரும் என்பது என் கருத்து.

கேள்வி: என் டீக்கடையில் கேரி பேக்கைப் பிடித்து அபராதம் போடுகிறார்கள், பெரிய கம்பெனி சிப்ஸ் பாக்கெட் தாராளமாக விற்கிறது. இது நியாயமா? (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. 2022 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த தேசியத் தடையில் அந்தப் பல அடுக்கு உறைகள் சேர்க்கப்படவில்லை. அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் கடமை மட்டுமே கம்பெனிகளுக்கு உண்டு. அதற்காக கேரி பேக்குக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

கேள்வி: அளவீட்டு விவரங்களை நாங்கள் கேட்டுப் பெற முடியுமா? (பாகூர் வாசகர்)

பதில்: முடியும். பொதுத்துறை நிறுவனத்திடம் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் நேராகவே கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். தனியார் ஆலையிடம் அப்படிக் கேட்க வழியில்லை. ஆனால் அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, புதுச்சேரியில் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு, அளித்த விவரங்களை அங்கே விண்ணப்பித்துப் பெறலாம். அனுமதி ஆணையில் உள்ள வரம்புகளையும் மாதிரிப் பரிசோதனை முடிவுகளையும் சேர்த்தே கேளுங்கள். கையோடு உங்கள் ஊர்க் கழிவுநீர் நிலையத்துக்கும் இன்னொரு விண்ணப்பம் போடுங்கள்.