எஸ்.யூ.வி.க்குப் பின்னால் புதுப்படகு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதிதாக வாங்கிய படகின் எடை 900 கிலோ என்று விவரத்தாளில் போட்டிருக்கிறது. என் எஸ்.யூ.வி. 1,500 கிலோ வரை இழுக்கும். தாராளமாகப் போதும்தானே?

பதில்: அநேகமாகப் போதாது. விவரத்தாளில் பெரும்பாலும் வெறும் படகின் எடையைத்தான் போடுவார்கள். அவுட்போர்டு எஞ்சின் 170 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் பெட்ரோல் சுமார் 75 கிலோ. பேட்டரி, நங்கூரம், கயிறு, மிதவை அங்கிகள், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து 105. டிரெய்லர் 350. கூட்டிப் பாருங்கள், 1,600 கிலோ. எடைமேடையில் ஒரு முறை ஏற்றிப் பார்த்துவிட்டால் ஊகத்துக்கே இடமில்லை.

அந்த 1,500 என்பது டிரெய்லரில் பிரேக் இருந்தால் மட்டுமே பொருந்தும் எண்ணாகவும் இருக்கலாம். பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பல வண்டிகளில் 750 கிலோதான் வரம்பு. வண்டியின் இழுதிறன், ஹிட்சின் (டிரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் உள்ள இணைப்பு) திறன், ஹிட்ச் பாலின் (அதன் மேல் உள்ள இரும்பு உருண்டை) திறன், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை வரம்பு என்று எல்லா எண்களையும் பாருங்கள். எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. பாலின் மேல் அழுத்தும் எடை வண்டிக்குள் ஏற்றும் சுமையிலும் சேரும். ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஏறினால் அதற்கு மிச்சம் இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள்.

கேள்வி: 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் டிரெய்லர் இடமும் வலமும் அலைகிறது. டயரைச் சோதித்தாயிற்று, குறை ஒன்றுமில்லை. வேறு எதைப் பார்ப்பது?

பதில்: முன்கனத்தைப் பாருங்கள். இந்தக் கோளாறுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். டிரெய்லரின் மூக்கு ஹிட்ச் பாலின் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் நல்ல அளவு. 1,600 கிலோவுக்கு 160. படகில் எஞ்சின் பின்னால் தொங்குகிறது, பெட்ரோல் டாங்கும் பல படகுகளில் பின்பக்கமே. அதனால் மூக்கு லேசாகிவிடுவது எளிது. பின்கனமான டிரெய்லரை ஒரு காற்று தட்டினால் போதும், ஒவ்வோர் அலைவும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போகும்.

அளப்பதற்கு வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியே போதும். உறுதியான பலகையின் ஒரு முனையைச் செங்கல்லின் மேலும், மறு முனையைக் கருவியின் மேலும் சம உயரத்தில் வையுங்கள். செங்கல்லிலிருந்து 30 செ.மீ., கருவியிலிருந்து 60 செ.மீ. தள்ளி டிரெய்லர் மூக்கை இறக்குங்கள். கருவி காட்டுவதிலிருந்து, மூக்கை இறக்குமுன் வெறும் பலகைக்குக் காட்டியதைக் கழித்து மூன்றால் பெருக்கினால் முன்கனம் வந்துவிடும். அளக்கும்போது சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பயணத்தில் மூக்கு நிற்கும் உயரத்திலேயே டிரெய்லர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைவாக இருந்தால் சாமான்களை அணியத்தின் (படகின் முன்முனை) பக்கம் மாற்றுங்கள். போதவில்லையா, வின்ச் (படகை டிரெய்லர் மேல் இழுத்துப் பிடிக்கும் உருளை) கம்பத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்திப் படகையும் முன்னே இழுக்கலாம். கூடுதலாக இருந்தாலும் ஆபத்துதான். எஸ்.யூ.வி.யின் பின்பக்கம் அமிழ்ந்து முன்சக்கரங்களின் பிடி குறையும், முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

ஓட்டும்போது அலைய ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், அலைவுக்கு எதிராக ஒடிக்காதீர்கள். வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவே கூடாது. பின்னாலிருக்கும் எடை முன்னே தள்ளி, டிரெய்லர் மடிந்துவிடும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்குவது என்ற யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள்.

கேள்வி: கப்ளர் (டிரெய்லர் மூக்கில் உள்ள பூட்டு) ஹிட்ச் பாலில் சரியாகப் பூட்டியதா என்று எப்படி நிச்சயம் செய்வது?

பதில்: பாலில் பொறித்திருக்கும் அளவும் கப்ளரில் பொறித்திருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். சின்ன பாலிலும் கப்ளர் உட்கார்ந்ததுபோலத் தெரியும், முதல் மேட்டில் கழன்றுவிடும். பூட்டி, பூட்டு ஊசியையும் செருகியபிறகு டிரெய்லரின் ஜாக்கைச் சுற்றி மூக்கை உயர்த்துங்கள். எஸ்.யூ.வி.யின் பின்பக்கமும் கூடவே எழுந்தால் பிடித்துவிட்டது என்று பொருள். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அவை தாங்கும்.

வின்ச் ஸ்ட்ராப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அணியத்துக்குத் தனிச் சங்கிலியும், படகின் பின்பக்கம் இரு மூலைக்கும் ராட்செட் ஸ்ட்ராப்பும் வேண்டும். ஸ்ட்ராப்பை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் படபடத்துத் தேயாது.

கேள்வி: ரிவர்ஸ் எடுத்தால் டிரெய்லர் நகரவே மறுக்கிறது. ஹைட்ராலிக் பிரேக் உள்ள டிரெய்லர் இது.

பதில்: டிரெய்லர் வண்டியை முன்னே தள்ளும் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் அது. ரிவர்ஸில் மூக்கு அமுங்குவதையும் பிரேக் போட்டதாகவே எடுத்துக்கொள்ளும். பல டிரெய்லர்களில் இதை விடுவிக்க 5 முள் பிளக் உண்டு. ஐந்தாவது கம்பி வண்டியின் ரிவர்ஸ் விளக்கிலிருந்து வர வேண்டும். 4 முள் சாக்கெட்டில் அடாப்டர் போட்டுச் செருகியிருந்தால் அந்தக் கம்பி உயிரில்லாமல் கிடக்கும்.

திருப்பும் பழக்கத்துக்கு ஒரு வழி: ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தில் கை வையுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையும் அதே பக்கம். கோணம் மிஞ்சினால் போராடாமல் முன்னே போய் நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள்.

கேள்வி: நெடுந்தூரம் ஓட்டி வந்ததும் நேராகத் தண்ணீரில் இறக்கலாமா?

பதில்: கூடாது. ஓடிச் சூடான ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) குளிர்ந்த தண்ணீரில் பட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் கெடும், பேரிங் துருப்பிடிக்கும், ஒருநாள் நடுவழியில் சக்கரம் இறுகி நின்றுவிடும். ஹப் ஆறும்வரை காத்திருங்கள். அந்த நேரத்தில் ஸ்ட்ராப்புகளை அவிழ்க்கலாம், விளக்கின் பிளக்கைக் கழற்றலாம், பயணத்துக்காகத் திறந்து வைத்த வடிகால் அடைப்பானைத் திருகி இறுக்கலாம். அடைப்பானை மறந்தால் படகுக்குள் தண்ணீர் ஏறும். வின்ச்சும் அணியச் சங்கிலியும் மட்டும் படகின் பின்பக்கம் மிதக்கும்வரை மாட்டியே இருக்கட்டும். முன்பே கழற்றினால் ஈரமான சரிவில் படகு தானாகவே வழுக்கி இறங்கிவிடும்.