முட்டை அதிகம் இடும் பெட்டையை ரத்தச் சோதனையில் கண்டுபிடிக்கலாமா?

கேள்வி: ஐயா, சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனத்தில் 40 பெட்டைகளும் 4 சேவல்களும் மேய்ச்சலில் வளர்க்கிறேன். பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுகின்றன. ரத்தம் எடுத்து மரபணு மார்க்கர் பார்த்தால் அதிகம் முட்டையிடும் கோழியைப் பிரித்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். செலவு செய்யலாமா?

பதில்: வணக்கம். இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் கால் வளையங்களும் ஒரு நோட்டும் வாங்குங்கள்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. புரோலாக்டின் மரபணுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார். கோழி அடைக்கு உட்காரும்போது ரத்தத்தில் ஏறுகிற ஹார்மோன் அது. அது ஏறினால் சினைப்பை சுருங்கிவிடும், முட்டை நின்றுவிடும். அந்த மரபணுவின் முன்பகுதியில் 24 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு சில கோழிகளில் கூடுதலாக இருக்கும். அதைத்தான் மார்க்கராகப் பார்க்கிறார்கள். அடைகாப்பதையே மறந்துவிட்ட வெள்ளை லெகார்ன் என்ற முட்டைக்கோழி இனத்தில் இது நிறையக் காணப்படுகிறது. அடைக்கு உட்காரும் பல நாட்டு இனங்களில் குறைவு.

ஆனால் முட்டை எண்ணிக்கை ஒரு மரபணுவின் கையில் இல்லை. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதற்கு மேல் தீவனம், வெளிச்சம், வயது எல்லாம் இருக்கின்றன. மார்க்கர் பெரும்பாலும் ஓர் அடையாளம்தான். "புளியமரத்துக்கு அடுத்த வீடு" என்று நம் ஊரில் வழி சொல்கிறோம். அதையே பக்கத்து ஊரில் சொன்னால் வேறு யார் வீட்டுக்கோ போய் நிற்போம். லெகார்னில் பார்த்த மார்க்கரும் சிறுவிடையில் அப்படித்தான் ஏமாற்றலாம். பெரிய நிறுவனங்கள் ஒரு டி.என்.ஏ. சோதனைச் சிப்பில் 60,000 மார்க்கர்களைச் சேர்த்துப் படிப்பது உண்மை. ஆனால் அவர்களிடம் ஆயிரக்கணக்கான கோழிகளின் முட்டைக் கணக்கு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கணக்கு இல்லாவிட்டால் அந்தச் சிப்புக்கும் வேலை இல்லை.

ஒரே மரபணு தீர்மானிக்கும் குணங்களில் சோதனை நன்றாகவே கைகொடுக்கும். குள்ள மரபணுவைப் பாருங்கள். அது Z என்ற பால் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு Z ஒன்றுதான், அதனால் இருந்தால் உருவத்திலேயே தெரிந்துவிடும். சேவலுக்கு இரண்டு, ஒன்றில் மட்டும் இருந்தால் வெளியே தெரியாது. அங்கே சோதனை உதவும். குள்ளத் தாயோடு சாதாரணச் சேவலைச் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் முழு வளர்த்தியாக வரும், தாய்க்குத் தீவனமும் மிச்சம். சில பிராய்லர் தாய்க்கோழிகளை இப்படித்தான் உருவாக்கினார்கள். கழுத்தில் இறகில்லாத கோழிக்கு இந்தச் சோதனைகூட வேண்டாம், கண்ணாலேயே தெரியும். இறகு குறைவு என்பதால் வெயிலை நன்றாகத் தாங்கும்.

சரி, உங்கள் 40 பெட்டைக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட வளையம் மாட்டுங்கள். எந்த எண் எந்தக் கூடையில் இட்டது, என்று ஆரம்பித்தது, எத்தனை முட்டையில் அடைக்கு உட்கார்ந்தது, மறுபடி எப்போது இட ஆரம்பித்தது என்று ஒரு வருடம் எழுதுங்கள். ஒரு ஈட்டில் 15 முட்டை இட்டுவிட்டு நான்கு மாதம் சும்மா இருப்பதைவிட, 12 இட்டு சீக்கிரம் திரும்பி வரும் பெட்டைதான் உங்களுக்குச் சொத்து. அதன் மகனைச் சேவலாக வையுங்கள், ஆனால் அவனை அவன் சகோதரிகளோடு சேர்க்காதீர்கள். கொண்டை அழகைப் பார்த்துச் சேவல் எடுக்கிறோமே, அங்கேதான் தவறு. ஒரு சேவல் பத்துப் பெட்டையின் குஞ்சுகளுக்கு அப்பன்.

அடைக் குணத்தை அடியோடு ஒழிக்கவும் நினைக்காதீர்கள். இன்குபேட்டர் இல்லாத இடத்தில் அதுதான் உங்கள் பொரிப்பகம். நல்ல அடைக்கோழிகள் நாலைந்தை மட்டும் உட்கார விடுங்கள். மற்றவற்றை அடைக்கு உட்கார்ந்த முதல் ஓரிரு நாளிலேயே, அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் தீவனம், தண்ணீரோடு மூன்று நான்கு நாள் வையுங்கள். வயிற்றுச் சூடு தணிந்தால் அடை தெளிந்துவிடும். சிலர் தண்ணீரில் முக்குகிறார்கள். கோழிக்கு அது வாதை, தயவுசெய்து வேண்டாம். பொரித்த குஞ்சுகளைப் புரூடரில், அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் அடைப்பில், பல்புச் சூட்டுக்கு மாற்றினால் தாயும் வெகு சீக்கிரம் அடுத்த ஈட்டுக்கு வந்துவிடும்.