வட்டிக்காரரும் சிஸ்டரும்

அன்புள்ள ஐயா,

என் சித்தி மகள் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு இந்த ஜூன் மாதம் கன்னியர் மடத்தில் சேரப் போகிறாள். நாங்கள் கத்தோலிக்கர்தான். ஆனாலும் வீட்டில் ஒரே அழுகை. "ஏழைகளுக்கு உழைக்கணும்னா ஏதாவது தொண்டு நிறுவனத்துல சம்பளத்தோட செய்யலாமே, கன்னியர் உடுப்பு எதுக்கு?" என்கிறார் சித்தி. நானும் அவளிடம் அதையே கேட்டேன். சிரித்தாள், பதில் சொல்லவில்லை. அலுவலக நண்பரோ, எல்லாம் மதம் மாற்றும் வேலை என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

தங்கை ஏன் சிரித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். இறையழைத்தல், அதாவது கடவுளே இந்த வாழ்வுக்குக் கூப்பிடுகிறார் என்று அவர்கள் சொல்லும் இடத்துக்குள் எனக்கு நுழைவு இல்லை. ஆனால் சித்தி கேட்டது நல்ல கேள்வி. அதைக் கேட்டதும் எனக்கு சிஸ்டர் ராணி மரியா ஞாபகம்தான் வந்தது.

கேரளத்தில் புல்லுவழி என்ற ஊரில் 1954-இல் பிறந்தவர். பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் என்ற கன்னியர் சபையைச் சேர்ந்தவர். வடக்கே பல ஊர்களில் சமூகப் பணி செய்துவிட்டு 1992-இல் மத்தியப் பிரதேசத்தின் உதய்நகருக்கு வந்தார். சுற்றிலும் ஆதிவாசி கிராமங்கள். விதைக்கும் கடன், கல்யாணத்துக்கும் கடன், சாவுக்கும் கடன். கணக்கு வட்டிக்காரரின் நோட்டில் இருக்கும். வாங்கியவருக்கோ எழுத்துத் தெரியாது. அசல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்பதெல்லாம் நோட்டு வைத்திருப்பவர் சொல்வதுதான்.

சிஸ்டர் செய்ததைக் கேட்டால் சப்பென்று இருக்கும். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். பெண்களைக் குழுவாகச் சேர்த்து சேமிக்க வைத்தார். அரசாங்கத் திட்டங்களில் என்னென்ன உண்டு என்று சொன்னார். வங்கிக் கடனுக்கு வழிகாட்டினார். அவ்வளவுதான். ஆனால் வங்கியில் கடன் கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட ஆள் வட்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரமாட்டான். 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குப் போகும் பேருந்தில், பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க அவரைக் குத்திக் கொன்றார்கள். ஒருவரும் தடுக்கவில்லை.

இதையே ஒரு தொண்டு நிறுவனம் செய்யக்கூடாதா? செய்யலாம், நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் 'புராஜெக்ட்' என்று ஒன்று உண்டு. மூன்று வருஷ நிதி, அறிக்கை, புகைப்படம். அப்புறம் ஜீப் கிளம்பிவிடும். வட்டிக்காரர் எங்கேயும் போவதில்லை. அவர் தாத்தாவும் அங்கேதான் இருந்தார், பேரனும் அங்கேதான் இருப்பான். அவருக்கு ஈடுகொடுக்க வேண்டுமென்றால் அதே ஊரில், அதே பிடிவாதத்தோடு, ஒரு வீடு திறந்திருக்க வேண்டும். சிஸ்டர்களின் பலம் அந்த வீடுதான். ஒருவர் மாற்றலாகிப் போனால் இன்னொருவர் வந்து அதே சமையலறையில் உலை வைப்பார். ராணி மரியாவின் கல்லறைகூட உதய்நகரில்தான் இருக்கிறது.

பீகாரில் சிஸ்டர் சுதா வர்கீஸ் என்று ஒருவர். பாட்னாவுக்கு அருகே முசஹர் என்ற தலித் மக்களின் குடியிருப்பிலேயே இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர். வன்முறைக்கு ஆளான பெண்களின் வழக்குகளுக்காகவே சட்டம் படித்தார். 2006-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அங்கே அவருக்கு 'சைக்கிள் தீதி' என்று பேர். தீதி என்றால் அக்கா. எனக்கு அந்தப் பட்டம்தான் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். கொலை செய்த சமுந்தர் சிங்கிடமும் அதைத்தான் சொல்லி ஏவியிருக்கிறார்கள், இந்த அம்மா மதம் மாற்றுகிறாள் என்று. ராணி மரியாவின் உழைப்புக்கு ஊற்று அவருடைய விசுவாசம்தான், அதை மறைத்துப் பேசினால் அவருக்கே மரியாதை இல்லை. எல்லா மடங்களுக்கும் சேர்த்து நான் நற்சான்றிதழும் எழுதித் தரமாட்டேன். ஆனால் மத்தியப் பிரதேசத்தில் மதமாற்றத்துக்கு எதிரான சட்டம் 1968-லிருந்தே இருக்கிறது. சந்தேகம் இருந்தவர்கள் காவல் நிலையத்துக்குப் போயிருக்கலாம். கத்தி வாங்கக் கடைக்குப் போனார்கள்.

ராணி மரியாவின் தங்கை சிஸ்டர் செல்மி பால் 2002-இல் சிறைக்குப் போய் சமுந்தர் சிங்கைச் சகோதரனாக ஏற்று ராக்கி கட்டினார். 2006-இல் அவர் விடுதலையானார். இந்தக் கதையைக் கேட்டு எல்லோரும் கண்கலங்குவார்கள், நானும்தான். ஆனால் அந்தக் கண்ணீரில் சேமிப்புக் குழுவையும் வங்கிக் கடனையும் மறந்துவிடுகிறோமோ என்று ஒரு பயம் எனக்கு உண்டு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு என்று ஒன்று இருக்கிறது, சபை மேலிடம் சொல்வதைக் கேட்பேன் என்று கடவுள் முன் கொடுக்கும் வாக்கு. கிராமத்துக்குப் போக ஆசைப்பட்டு உள்ளே நுழைகிறவளை, 'நன்றாகப் படித்தவள்' என்று சொல்லி நகரத்துப் பள்ளிக்கூட அலுவலகத்தில் ஃபீஸ் ரசீது எழுத உட்காரவைத்துவிடலாம். இதில் எனக்கு சபைகள் மீது வருத்தம் உண்டு. ஆகவே தங்கையிடம், ஏன் சேர்கிறாய் என்று கேட்காதீர்கள். எந்த சபை, எம்.எஸ்.டபிள்யூ. படித்த சிஸ்டர்கள் அங்கே இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் நீங்களே போய்ப் பாருங்கள்.

சித்தியிடம் இன்னொன்று சொல்லுங்கள். ஜூனில் உள்ளே போனால் ஜூனிலேயே எல்லாம் முடிந்துவிடாது. 1972-இல் மடத்தில் சேர்ந்த ராணி மரியா இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தது 1980-இல். அதுவரை கதவு உள்ளிருந்தும் திறக்கும். பார்க்கப் போகும் நாளில் முறுக்கு கொஞ்சம் கூடுதலாகவே சுட்டு எடுத்துப் போகட்டும். மடத்தில் எது வந்தாலும் பங்குதான், அவள் கைக்கு ஒன்றாவது மிஞ்ச வேண்டாமா?