காடையா கோழியா? மூளை போடும் கணக்கு: கேள்வி பதில்

நம் செங்கோட்டை வட்டாரத்து ஆட்கள் கேட்டவை. நான் மூளை நரம்பியல் படித்த உள்ளூர்க்காரன்.

பிரானூர் பார்டரில் புரோட்டாவுக்குக் காடையா, நாட்டுக்கோழியா என்று தினம் குழம்புகிறேன். வேறு வேறு பண்டத்தை மூளை எப்படி எடை போடும்?

அண்ணாச்சி, நம்மூர் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் அல்லவா? தாத்தாக்கள் அந்த ஊர் நாணயமான சக்கரத்தையும் ரூபாயையும் மாற்றிக் கணக்குப் பார்த்தார்கள். மூளையும் எல்லாவற்றையும் ஒரே நாணயத்துக்கு மாற்றிக்கொள்கிறது. 2006-இல் பாடோவா-ஸ்கியோப்பா, ஆசாத் என்ற ஆய்வாளர்கள் இருவரும் குரங்குகளுக்கு இரண்டு பானங்களை வெவ்வேறு அளவில் காட்டி எடுக்கச் சொன்னார்கள். ஒரு சொட்டு இதற்கு மூன்று சொட்டு அது ஈடு என்கிற மாதிரி ஒரு விகிதம் கிடைக்கும். கண்குழிக்கு மேலே இருக்கும் ஆர்பிட்டோஃப்ரான்டல் மூளைப் பகுதியில் சில நியூரான்கள் (நரம்புச் செல்கள்) அந்த மதிப்புக்கு ஏற்பத் துடித்தன. பானம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பது அவற்றுக்குப் பொருட்டே இல்லை.

முதல் புரோட்டா அமிர்தம், ஐந்தாவது இறங்க மாட்டேன் என்கிறது. அதே புரோட்டாதானே?

மதிப்பு புரோட்டாவில் இல்லை தம்பி. ஒரே உணவைத் திகட்டத் திகட்டக் கொடுத்தால் அதே பகுதியின் செல்கள் அதற்கு மட்டும் அடங்கிவிடும், வேறு உணவுக்குத் துடிக்கும். அப்புறம் பாதாம்பாலுக்கு மட்டும் வயிற்றில் இடம் வருவது அதனால்தான்.

எங்கள் சித்தப்பா தினமும் புளியரை தாண்டி ஆரியங்காவில் லாட்டரி வாங்குகிறார். விழுந்ததே இல்லை. "ஒரே நம்பர்ல போச்சு" என்று உற்சாகமாக வருகிறார்! ஏன்?

தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியை நிறுத்தினார்கள், கேரளத்தில் 1967 முதல் அரசே நடத்துகிறது. சித்தப்பாவுக்கு எல்லை தாண்டினால் போதும், வசதிதான்.

ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்கின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். முதலில் எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அவை துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு, விளக்குக்கே துள்ளின. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய நொடியில் சரியாக அடங்கின. அதாவது அவை சொல்வது பரிசை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. சித்தப்பாவுக்குச் சீட்டுதான் அந்த விளக்கு என்பது என் ஊகம். அவர் மண்டையை நான் திறந்து பார்க்கவில்லை.

"ஒரே நம்பர்" சங்கதிக்கு 2009-இல் கேம்பிரிட்ஜில் செய்த சோதனை பொருந்தும். சூதாட்டத்தில் மயிரிழையில் தோற்றவர்களுக்கு, ஜெயித்தால் விழிக்கும் பகுதிகளே ஓரளவு விழித்தன. மனசுக்குக் கசப்புதான், ஆனால் மறுபடி ஆடும் ஆசை கூடியது. அவரிடம் வாதாடிப் பயனில்லை, சட்டைப்பையில் காசைக் குறையுங்கள்.

விலை கூடிய நேந்திரங்காய் சிப்ஸ் ருசியாகத் தோன்றுவது பிரமையா?

ருசி நிஜம்தான் அக்கா. ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 டாலருக்கு மதிப்புப் பகுதி கூடுதலாக விழித்தது.

தலையில் அடிபட்டதிலிருந்து அப்பா எந்தச் சட்டை போடுவது என்று அரைமணி நேரம் நிற்கிறார். கணக்கெல்லாம் சரியாகப் போடுகிறார்.

கணக்கு சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நெற்றிப் பக்க மூளையில் கட்டி எடுத்த ஒருவரைப் பற்றி டமாசியோ என்ற நரம்பியல் அறிஞர் எழுதியிருக்கிறார்: அறிவுச் சோதனையில் குறையே இல்லை, சின்னத் தேர்வு கூடச் செய்ய முடியாமல் வேலையையும் இழந்தார். அப்பாவுக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. நரம்பியல் டாக்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள், சட்டை விஷயத்தை அப்படியே சொல்லுங்கள்.